காட்டுக்குள் வான் கோ: ஒட்டர்லோவுக்கு ஒரு நாள் பயணம்

நெதர்லாந்துக்குப் போய்வரும் தமிழர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் படகு, கூக்கன்ஹோஃபில் டூலிப், சான்ஸ ஸ்கான்ஸில் காற்றாலை. பிள்ளைகள் ஐந்தோவனிலோ ஆம்ஸ்டல்வேனிலோ வேலை பார்க்க, அவர்களோடு இரண்டு மூன்று மாதம் தங்கப்போகும் அப்பா அம்மாக்கள் இந்தப் பட்டியலைச் சில வாரங்களிலேயே முடித்துவிட்டு, பிறகு சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

போகப்போகிற இடம் குரோலர்-முல்லர் அருங்காட்சியகம். கெல்டர்லாந்து மாகாணத்தில், ஒட்டர்லோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஹோகே ஃபேலுவே தேசியப் பூங்காவின் நடுவே இருக்கிறது. பூங்கா என்றதும் பெஞ்சும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். சுமார் 5,400 ஹெக்டேர் பரப்பில் பைன் காடு, புதர்வெளி, மணல்மேடு என்று விரிந்து கிடக்கும் நிலம் இது. அதற்குள்ளே, உலகத்திலேயே இரண்டாவது பெரிய வான் கோ தொகுப்பு இருக்கிறது. ஏறக்குறைய 90 ஓவியங்கள், 180-க்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள். முதலிடம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகத்துக்கு. அங்கே நேரம் குறித்த சீட்டு வாங்கி, முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் தனியாக நிற்கலாம்.

யார் கட்டியது, ஏன் காட்டுக்குள்?

ஹெலேனே குரோலர்-முல்லர் 1869-இல் ஜெர்மனியில் பிறந்தவர். அப்பா தொழிலதிபர். கணவர் அன்டன் குரோலர் டச்சுக்காரர். மாமனாரின் கப்பல், சுரங்க வணிகத்தைப் பெரிதாக வளர்த்தவர். கலையைப் பற்றி எதுவும் தெரியாமல் இருந்த ஹெலேனே, எச்.பி. பிரெம்மர் என்ற ஆசிரியரிடம் ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். 1907-இல் வாங்கத் தொடங்கினார். வான் கோ இறந்து பதினேழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் படங்களுக்கு இன்றைய மவுசு அப்போது இல்லை. 1911-இல் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றில் பிழைத்து எழுந்தவர், இந்தத் தொகுப்பை எல்லோரும் வந்து பார்க்கும் அருங்காட்சியகமாக்குவது என்று தீர்மானித்தார்.

அதே காலத்தில் அன்டன், வேட்டையாடுவதற்காக ஃபேலுவே பகுதியில் 1909 முதல் நிலம் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். கணவரின் காடும் மனைவியின் ஓவியமும் ஒரே இடத்தில் சேர வேண்டும், அதை மக்களுக்கு விட்டுப்போக வேண்டும் என்பது இருவரின் திட்டம். மாபெரும் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவார வேலைகூடத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு வணிகம் ஆட்டம் கண்டதால் அது பாதியில் நின்றுபோனது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் எல்லாமே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை வந்தபோது, காட்டை ஓர் அறக்கட்டளைக்கும், கலைத்தொகுப்பை டச்சு அரசுக்கும் கொடுத்தார்கள். அரசுக்கு ஒரு நிபந்தனை: காட்டுக்குள்ளேயே அருங்காட்சியகம் கட்டித்தர வேண்டும். பெல்ஜியக் கட்டடக் கலைஞர் ஹென்றி வான் டி வெல்டே வடிவமைத்த அடக்கமான கட்டடம் 1938-இல் திறக்கப்பட்டது. பெரிய கட்டடம் வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று கட்டியது, இன்றும் நிற்கிறது. ஹெலேனேதான் முதல் இயக்குநர். அடுத்த ஆண்டே காலமானார். அவரும் அன்டனும் இந்தப் பூங்காவுக்குள்ளேயே, அந்தப் பெரிய அருங்காட்சியகம் எழும்ப வேண்டிய மேட்டருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இந்த வரலாற்றை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. நுழைவாயிலில் நிற்கும்போது உங்களுக்கு வரப்போகிற முதல் குழப்பத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இரண்டு சீட்டு வாங்க வேண்டும்

காடு அறக்கட்டளையுடையது; ஓவியங்கள் அரசினுடையவை. ஆகவே பூங்காவுக்கு ஒரு சீட்டு, அருங்காட்சியகத்துக்கு ஒரு சீட்டு. பூங்காவுக்குள் நுழையாமல் அருங்காட்சியகத்தை அடைய வழி இல்லை. நெதர்லாந்தில் வசிப்பவர்கள் வைத்திருக்கும் மியூசியம்கார்ட் என்ற ஆண்டு அட்டை அருங்காட்சியகத்துக்குச் செல்லும், பூங்காவுக்குச் செல்லாது. இரண்டு சீட்டுகளையும் இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட்டால் வாசலில் நிற்க வேண்டாம்.

அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை (பொது விடுமுறை நாளில் வரும் திங்கள் விதிவிலக்கு). காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். சிற்பத் தோட்டத்தை அதற்கு அரை மணி முன்பே மூடிவிடுவார்கள். தேதி நிச்சயமானதும் இணையதளத்தில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே சமயம், நீங்கள் ஆசைப்படும் ஓவியம் சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா வான் கோ படங்களும் ஒரே நேரத்தில் காட்சியில் இருப்பதில்லை. சில வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கும். கோட்டோவியங்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் அபூர்வமாகத்தான் வெளியே வரும்.

போய்ச் சேர்வது எப்படி

சொந்தக் கார் இருந்தால் சுலபம். பூங்காவுக்கு ஒட்டர்லோ, ஹூண்டர்லோ, ஸ்கார்ஸ்பெர்கன் என்று மூன்று வாசல்கள். அருங்காட்சியகத்துக்கு மிக அருகில் இருப்பது ஒட்டர்லோ வாசல், சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஹூண்டர்லோவிலிருந்து நான்கு, ஸ்கார்ஸ்பெர்கனிலிருந்து பத்து. கூகுள் வரைபடம் எந்த வாசலைக் காட்டினாலும் முதியவர்கள் உடன் இருந்தால் ஒட்டர்லோவையே தேர்ந்தெடுங்கள். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போவது உத்தமம். முடியாதவர்கள் காருக்குத் தனிக் கட்டணம் செலுத்தி உள்ளேயும் போகலாம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஏடே-வாகனிங்கன்தான் இறங்க வேண்டிய நிலையம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்தோவனிலிருந்து வருகிறவர்கள் உட்ரெக்டில் மாற வேண்டும். அங்கிருந்து 108-ஆம் எண் பேருந்தில் ஒட்டர்லோவுக்கும், ஒட்டர்லோவிலிருந்து 106-ஆம் எண் பேருந்தில் பூங்காவுக்குள்ளும் போவது வழக்கமான பாதை. பேருந்து எண்ணும் நேரமும் மாறக்கூடியவை. ஞாயிற்றுக்கிழமையில் வண்டி குறைவு. கிளம்பும் காலையில் 9292 செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் டாக்ஸி தேடி அலைய முடியாது.

ரயிலிலும் பேருந்திலும் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். ஒருவருக்கு ஓர் அட்டை என்பது விதி. ஒரே அட்டையில் நான்கு பேர் போக முடியாது. ஏறும்போது தட்டியது போலவே இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் போன தூரத்துக்கு அதிகமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோர் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அவர்கள் கையில் தனி அட்டையைக் கொடுத்து, இறங்கியதும் தட்ட வேண்டிய கம்பத்தைக் காட்டுங்கள்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து சிறு வேனில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வழிகாட்டிச் சுற்றுலாக்களும் உண்டு. மாறி ஏறும் தொல்லை இல்லை, ஆங்கிலத்தில் விளக்கம் கிடைக்கும் என்பது அவற்றின் வசதி. முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு நுழைவுச் சீட்டுகளும் கட்டணத்தில் அடக்கமா? அருங்காட்சியகத்திலும் வெளியிலுமாகச் சேர்த்து எத்தனை மணி நேரம் விடுவார்கள்? ஐந்து மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அந்தச் சுற்றுலா வேண்டாம்.

வெள்ளைச் சைக்கிள்

வாசலில் உள்ளே நுழைந்ததும் வரிசையாக வெள்ளைச் சைக்கிள்கள் நிற்கும். பூங்கா முழுவதற்குமாகச் சுமார் 1,800. காசு இல்லை, கையெழுத்து இல்லை, பூட்டும் இல்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அருங்காட்சியக வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பினால் நீங்கள் வந்த சைக்கிளை வேறு யாராவது எடுத்துப்போயிருப்பார்கள். நீங்கள் இன்னொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் கூடையில் பை, தொப்பி, மழைக்கோட்டு எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இந்தச் சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால்தான் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இறக்கத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தேடுவார்கள், ஒன்றும் இருக்காது. வாசலருகே சமதரையில் ஐந்தாறு முறை மிதித்து, நிறுத்திப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது, டச்சுக்காரர்கள் நெட்டையானவர்கள். கால் தரையில் படும்படி இருக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் சிறுவர் சைக்கிளில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். புடவை வேண்டாம், சுடிதாரும் காலை ஒட்டியதாக இருக்கட்டும். பிள்ளைகளை உட்காரவைக்கும் இருக்கையோடும் சைக்கிள்கள் இருக்கின்றன. பாதை தார் போட்டது, கார்ப்பாதையிலிருந்து விலகி மரங்களுக்கு நடுவே போவது. ஒட்டர்லோ வாசலிலிருந்து கால் மணி நேரம் நிதானமாக மிதித்தால் அருங்காட்சியகம். முட்டிவலிக்காரர்கள் பேருந்திலேயே உள்ளே வரலாம்.

காலை: உள்ளே, பத்துப் படங்கள்

அருங்காட்சியகத்தின் முன்னால் கோட்டும் தொந்தியுமாக ஒரு வெண்கலக் கனவான் நிற்பார். பெயர் ஜாக் ஐயா. வென்கெபாக் என்ற டச்சுச் சிற்பி 1950-களில் செய்தது. வருகிறவர்கள் எல்லோரும் அவரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். பெரிய பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் புகைப்படம் எடுக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வரும். வேண்டாம். தம்பதியர் 1922 வரை வாங்கிக் குவித்தவை ஏறக்குறைய 11,500 பொருள்கள். பத்துப் படம் போதும். வான் டி வெல்டேயின் பழைய கட்டடத்தில் மேற்கூரை வழியாக இயற்கை வெளிச்சம் இறங்கும். அது இருக்கும்போதே வான் கோவிடம் போங்கள். கீழ்க்கண்டவற்றில் காட்சியில் இருப்பவற்றை, முடிந்தால் இதே வரிசையில் பாருங்கள்.

முதலில் 'உருளைக்கிழங்கு உண்போர்', 1885. விளக்கு வெளிச்சத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் குடியானவக் குடும்பம். இது முந்தைய வடிவம். இறுதி ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. வரைந்த ஊர் நூனன், ஐந்தோவனுக்குப் பக்கத்திலேயே உள்ளது. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் சைக்கிளில் போய்வரும் ஊர்தான். படம் முழுக்க மண்ணும் கரியும் கலந்த இருட்டு. அந்த இருட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நகருங்கள்.

அடுத்து 1888-இல் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த தூக்குப்பாலம். மூன்றே ஆண்டு இடைவெளி. நீல வானம், மஞ்சள் பாலம், கால்வாயோரம் துணி துவைக்கும் பெண்கள். ஒரே மனிதரின் கை என்று நம்புவது கடினம். இடையில் பாரீசில் இரண்டு ஆண்டு இருந்து, புதிய ஓவியர்களின் வண்ணங்களைப் பார்த்தார் என்பதுதான் இந்த மாற்றத்துக்கான காரணம்.

பிறகு 'இரவில் காப்பிக்கடை', செப்டம்பர் 1888. இந்தப் படத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். எரியும் விளக்கின் மஞ்சள் கடையின் கூரைத்துணியிலும் சுவரிலும் வழிந்து தெருவரை வருகிறது. மேலே நீல இரவு. நட்சத்திரங்கள் வெள்ளைப் பூக்களாகப் பெரிதாக இருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் மேசைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் பரிமாறுபவர் தெரிவார். இப்போது, தரையில் உள்ள கோட்டைத் தாண்டாமல், எவ்வளவு கிட்டே போக முடியுமோ போங்கள். தெருவில் பாவியிருக்கும் கற்கள் சாம்பல் நிறம் என்று தூரத்தில் நினைத்திருப்பீர்கள். அருகே அது ஊதாவும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமான குட்டைக் குட்டைத் தீற்றல்களாகப் பிரிந்துவிடும். கறுப்பையே சேர்க்காமல் ஓர் இரவை வரைந்திருப்பதாக இந்தப் படத்தைப் பற்றித் தங்கை வில்லெமினுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் சொன்னதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். பத்தடி பின்னால் வந்தால் மறுபடியும் இரவு கூடிவிடும். அச்சுப் படத்திலும் கைபேசித் திரையிலும் இந்த வித்தை நடக்காது. நேரில் வந்ததற்கு இதுவே கூலி.

நான்காவது, 1890 மே மாதம் வரைந்த முதியவர். நாற்காலியில் குனிந்து, முகத்தை இரு கைகளுக்குள் புதைத்திருக்கிறார். வான் கோ இளம் வயதில் ஒரு முதியவரை வைத்து வரைந்த கோட்டோவியத்தையே, மனநல விடுதியில் இருந்த நாள்களில் வண்ணத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவர் இறந்துபோனார். அதே மாதத்தைச் சேர்ந்த இன்னொரு படம், சைப்ரஸ் மரமும் நட்சத்திரமும் பிறையுமாக உள்ள இரவுச் சாலை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

இவற்றோடு 'விதைப்பவன்', விதைமுற்றிக் காய்ந்த சூரியகாந்திகள், தபால்காரர் ரூலான் என்று வான் கோவிடம் ஏழெட்டுப் படங்கள் ஆகிவிடும். மீதிக்கு, புள்ளிகளாலேயே மேடை நடனத்தை வரைந்த ஸூராவின் 'ஷாஹூ', ஒதிலோன் ரெதோனின் ஒற்றைக்கண் அரக்கன் ஆகியவற்றைத் தேடுங்கள். பிள்ளைகள் அந்த அரக்கனை விடமாட்டார்கள்.

சுவரில் தொங்குபவற்றில் சில ஒருமுறை திருட்டுப்போனவை. 1988 டிசம்பரில் உருளைக்கிழங்குப் படம் உட்பட மூன்று வான் கோ ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டே மூன்றும் மீட்கப்பட்டன. ஓவியத்தில் ஆர்வம் காட்டாத பையன்களை அந்த அறையில் நிறுத்திவைக்க இந்தக் கதை உதவும்.

அழைத்துப்போகிறவருக்கு

குழுவாகப் போனால் அருங்காட்சியகத்திடமே முன்பதிவு செய்து வழிகாட்டி ஒருவரைக் கேட்டுப் பெறலாம். குடும்பமாகப் போனால் வழிகாட்டி நீங்கள்தான். அதற்கு ஓவிய ஞானம் தேவையில்லை, மூன்று பழக்கங்கள் போதும்.

ஒன்று, சுவரில் உள்ள குறிப்பைப் படித்துக்காட்டுவதற்கு முன்னால் படத்தைப் பார்க்க விடுங்கள். "அப்பா, இதில் என்ன நேரம் என்று நினைக்கிறீர்கள்?" "அம்மா, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" இப்படிக் கேட்டால் போதும். வயல்வேலை தெரிந்த ஒரு தாத்தா 'விதைப்பவன்' படத்தில் கை வீச்சைப் பற்றிச் சொல்லக்கூடியது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இரண்டு, ஓர் அறைக்கு ஒரு படம் என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்று, யாராவது பெஞ்சைத் தேடத் தொடங்கினால் உள்வேலை முடிந்தது என்று பொருள். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் வாங்காது.

நண்பகல்: சாப்பாடு

அருங்காட்சியகத்துக்குள் உணவகம் இருக்கிறது. பூங்காவின் நடுப்பகுதியில், 2019-இல் திறந்த பெரிய உணவகமும் இருக்கிறது. சைவம் கேட்டால் சீஸ் ரொட்டி, சூப், சாலட் கிடைக்கும். சூப் எதில் வெந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், காய்கறி சூப்பிலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். முட்டை, மீன் கூடாதென்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம்மவர்களுக்கு எளிய வழி, கட்டுச்சாதம். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி எதுவானாலும் நன்றாகத் தாங்கும். அருங்காட்சியகத்துக்குள் சாப்பிடக்கூடாது, பூங்காவில் மேசை போட்ட இடங்களில் தாராளமாக உட்காரலாம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது. சாப்பிட்டு முடித்து ஒரு சோற்றுப்பருக்கையையும் கீழே விடாதீர்கள். காட்டுப்பன்றியும் மானும் மனித உணவுக்குப் பழகிவிடக்கூடாது என்பதில் இங்கே கண்டிப்பு அதிகம்.

பிற்பகல்: சிற்பத் தோட்டம்

அருங்காட்சியகத்தின் பின்புறக் கதவைத் திறந்தால் 25 ஹெக்டேர் தோட்டம். 1961-இல் தொடங்கியது. புல்வெளியும் மரங்களுமாக 160-க்கும் மேற்பட்ட சிற்பங்கள். பார்க்கும் முறை உள்ளே இருந்ததற்கு நேர்மாறு: அங்கே நின்று பார்த்தீர்கள், இங்கே சுற்றிவர வேண்டும்.

முதலில் குளம். அதில் வெள்ளையாக ஒன்று மிதக்கும். தூரத்தில் அன்னம் என்றே தோன்றும். மார்த்தா பான் இதே இடத்துக்காகச் செய்த சிற்பம் அது. காற்று அடித்தால் மெல்லத் திரும்பும். காற்றில்லாத நாளில் ஒரு தோற்றம், காற்றுள்ள நாளில் பல.

அடுத்து 'ஊசிக் கோபுரம்'. கென்னத் ஸ்னெல்சன் 1969-இல் செய்தது, சுமார் 30 மீட்டர் உயரம். அலுமினியக் குழாய்கள் ஒன்றையொன்று தொடவில்லை. இழுத்துக் கட்டிய கம்பிகளின் விசையிலேயே மொத்தமும் நிற்கிறது. கோபுரத்தின் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். பொறியியல் படித்தவர் யாராவது கூட வந்தால் அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம்.

மூன்றாவது, ழான் துபுஃபேயின் 'எனாமல் தோட்டம்', 1974. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை மதில். ஒரு குறுகிய வழியில் நுழைந்து படியேறினால் திடீரென்று வெட்டவெளிக்கு வருவீர்கள். தரை வெள்ளை, அதில் தாறுமாறாக ஓடும் தடித்த கறுப்புக் கோடுகள், நடுவே ஒரு வெள்ளை மரம். தரை சமமாக இல்லை, மேடும் பள்ளமுமாகத் தூக்கியும் தாழ்ந்தும் இருக்கிறது. கோடுகள் கண்ணை ஏமாற்றுவதால் எது மேடு, எது பள்ளம் என்று கால் வைத்த பிறகுதான் தெரியும். காட்டின் பச்சை மதிலுக்கு அப்பால் போய்விட, ஒரு சித்திரத்துக்குள் நடப்பதைப் போன்ற மயக்கம். பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடட்டும். வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழையிலும் பனியிலும் வழுக்கும் என்பதால் மூடிவிடுவதுண்டு. ஆகவே வானம் தெளிவாக இருந்தால் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் இன்னும் மூன்று. ரிச்சர்ட் செராவின் மூன்று இரும்புப் பலகைகள், ஒரு பள்ளத்தின் சரிவுகளில் சொருகப்பட்டவை. நடுவில் இறங்கி நிற்க வேண்டும். கட்டடக் கலைஞர் ரீட்ஃபெல்டின் திறந்த மண்டபம், 1955-இல் ஆர்னம் நகரக் கண்காட்சிக்காகக் கட்டிப் பிரித்துவிட்டதை, அவர் இறந்த பிறகு 1965-இல் இங்கே மீண்டும் எழுப்பினார்கள். உள்ளே பார்பரா ஹெப்வொர்த்தின் சிற்பங்கள். பிறகு கிளாஸ் ஓல்டன்பர்கின் மண்கரண்டி, தோட்டக்காரர் கைக்கருவியை மாடி உயரத்துக்குச் செய்து மண்ணில் குத்திவைத்தது. சிலவற்றைத் தொடலாம், பலவற்றைத் தொடக்கூடாது; அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

மாலை: காடு

மீதி இருக்கும் இரண்டு மணி நேரத்தைக் காட்டுக்குக் கொடுங்கள். 40 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை உண்டு. எட்டுப் பத்து கிலோமீட்டர் வட்டம் ஒன்றைப் பிடித்தால் போதும். திடீரென்று மரங்கள் விலகி, பாலைவனம் மாதிரி மணல் விரியும். கடல் பக்கத்தில் இல்லை, பிறகு மணல் எப்படி? பனியுகத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் மேல்மண்ணுக்கு அடியில் கிடந்தது. பல நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்தும், புல்கரணைகளை வெட்டி எருவோடு கலந்து வயலுக்குக் கொண்டுபோயும் மேல்மண்ணை எடுத்துவிட்டார்கள்; அடியில் இருந்த மணல் பறக்கத் தொடங்கியது. அதைக் கட்டிப்போடத்தான் பைன் மரங்களை நட்டார்கள். நீங்கள் கடந்துவரும் காட்டில் பெரும்பகுதி மனிதர் நட்டது.

வடக்கே, சைக்கிளில் சுமார் அரை மணித் தூரத்தில், செயின்ட் ஹூபர்ட்டஸ் வேட்டை மாளிகை இருக்கிறது. கட்டடக் கலைஞர் பெர்லாகே வடிவமைத்து, 1920-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் மான்கொம்பு வடிவம். உள்ளே போக வழிகாட்டியோடுதான் அனுமதி, அதற்குத் தனிச் சீட்டு. முதல் முறை வருகிறவர்கள் வெளியே குளக்கரையில் நின்று பார்த்தால் போதும்.

செம்மான், காட்டுப்பன்றி, சிறுமான் எல்லாம் உண்டு. அன்டன் 1921-இல் கொண்டுவந்து விட்ட மூஃப்ளான் காட்டாடுகள், அண்மை ஆண்டுகளில் ஓநாய்கள் வந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டன. ஓநாயைப் பற்றிப் பூங்கா ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்து அதன்படி நடங்கள்: கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள், சிறு பிள்ளைகளைத் தனியே முன்னால் ஓட விடாதீர்கள். உண்மையில் அதிகத் தொந்தரவு தரக்கூடியது உண்ணி. புதரில் உட்கார்ந்து எழுந்தால் காலில் ஏறும், லைம் என்ற நோயைப் பரப்பும். முழுக்காற்சட்டை போடுங்கள். அன்று இரவே முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கடித்த இடத்தில் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த மாதம்?

ஆகஸ்ட் பின்பாதியில் புதர்வெளி முழுவதும் ஊதாவாகப் பூக்கும். கண்ணுக்கு அதுதான் உச்சம், கூட்டமும் அப்போதுதான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை செம்மான்களின் இணைசேர் காலம். மாலையில் ஆண்மான் கத்துவதைக் கேட்கலாம். அதற்காகச் சில பகுதிகளை மூடிவைப்பார்கள். மே, ஜூனில் பகல் நீளம், குளிர் குறைவு. பெற்றோரை அழைத்துப்போக அதுவே தோது. டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும், காட்டுக்கு நேரம் இருக்காது. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். குடை சைக்கிளுக்கு உதவாது.

நாள் கணக்கு

காலை 8 மணிக்குக் கிளம்பினால் 10 மணி சுமாருக்கு ஒட்டர்லோ வாசல். 10:30 முதல் 12:30 வரை ஓவியங்கள். ஒரு மணிக்குள் சாப்பாடு. 1:15 முதல் 3 வரை சிற்பத் தோட்டம். 3 முதல் 5 வரை காடு. 5:15-க்குள் வாசல் அல்லது பேருந்து நிறுத்தம். மழை கொட்டினால் வரிசையை மாற்றாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: உள்ளே கூடுதலாக ஒரு மணி நேரம், வெளியே அந்த அளவுக்குக் குறைவாக.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு வேலையையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். சேர்க்காதீர்கள். ஓவியத்துக்கு இரண்டு மணி நேரமும் காட்டுக்கு இரண்டு மணி நேரமும் கொடுக்க முடியாத நாளில் ஒட்டர்லோவுக்குப் போவதைவிட, அந்த நேரம் கிடைக்கும் நாள்வரை தள்ளிப்போடுவதே மேல்.